ஆறிவரும் காயமும் அருளப்பெற்ற சலுகையும்



பிடரியிலோ, முதுகிலோ, காதின் பின்புறத்திலோ மிளகளவில் ஒரு கட்டி நம்மில் பலருக்கு உண்டு. அது வலிப்பதில்லை, வளர்வதும் தெரிவதில்லை. சட்டை மாட்டும்போது விரலில் தட்டுப்படும். உடனே மறந்தும் போகும். பத்தாண்டு, பதினைந்தாண்டு அவ்வாறே கிடக்கும். பின்னர் ஒரு நாள், இன்ன காரணம் என்று சொல்ல இயலாதவாறு, அது சிவக்கின்றது. மறுநாள் வீங்குகின்றது. மூன்றாம் நாள் இரவு தலையணையில் தலை வைக்க ஒட்டாமல் விண்விண்ணென்று தெறிக்கின்றது. நான்காம் நாள் மருத்துவர் பார்த்துவிட்டு, சீழ் கோத்துவிட்டது, கீறி எடுத்துவிட வேண்டியதுதான் என்கின்றார்.

அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. மரத்துப்போக ஊசி போட்டுக் கீறுகின்றார்கள். சீழை வடித்துக் கழுவுகின்றார்கள். காயத்தினுள் துணியைத் திணித்துக் கட்டி, மாத்திரைச் சீட்டையும் கையில் தந்து வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றார்கள். இத்துணைச் சிறிய நோயைப் பற்றி வெள்ளிக்கிழமைப் பகுதியில் எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய நோய் கண்டவர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிகின்றார். சிறிய நோய் கண்டவரோ தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக் கொள்கின்றார். அத்தீர்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருப்பதை நாம் காண்கின்றோம். சீழும் இரத்தமும் கசிகின்ற உடலோடு இறைவன் முன் எப்படி நிற்பது, ஆறிய பின் எல்லாவற்றையும் சேர்த்துத் தொழுது கொள்ளலாம் என்று தொழுகையை விட்டுவிடுபவர் ஒருசாரார். கட்டை அவிழ்த்துவிட்டுக் காயத்தின்மேல் தண்ணீரை ஊற்றிக் குளித்தால்தான் மனம் ஒப்பும் என்பவர் மற்றொரு சாரார். இருவரும் பக்தியினாலேயே அவ்வாறு செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டிற்கும் மார்க்கத்தில் இடமில்லை.

முதலில் இந்தக் கட்டியைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம். ஊரார் இதனைக் கொழுப்புக் கட்டி என்பர். உண்மையில் உள்ளிருப்பது கொழுப்பன்று. நகமும் முடியும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளே குழைந்து, தோலுக்கடியில் ஒரு மெல்லிய உறைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. கட்டியின் நடுவே கரும்புள்ளி போல ஒரு சிறு துவாரம் பலருக்குத் தென்படும். உறை உள்ளேயே கிழிந்து, அப்பொருள் சுற்றியுள்ள தசையில் கசியும்போதோ, கிருமிகள் புகும்போதோதான் திடீரென்று பழுக்கின்றது. விரலால் பிதுக்குவது இதனால்தான் தீங்காகின்றது: வெளியே வருவதைவிட உள்ளே பரவுவது மிகுதி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு நாட்களைக் கடத்துவதால் உறை கரைந்துவிடுவதில்லை. சர்க்கரை நோய் இருப்பதே இப்படியொரு கட்டி பழுத்த பிறகுதான் சிலருக்குத் தெரிய வருகின்றது. எனவே மருத்துவர் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னால், கட்டிக்கு வந்தவனை வேறெங்கோ அனுப்புகின்றாரே என்று சலித்துக் கொள்ள வேண்டாம்.

கீறிய காயத்தைத் தையலிட்டு மூடாமல் திறந்தபடி விட்டிருக்கின்றார்களே என்று பலர் கவலையுறுவர். அது மருத்துவரின் அசட்டையன்று. மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் உள்ளே மீண்டும் சீழ் தங்கும். ஆதலால் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும். அதுவரை வாய் திறந்திருக்க வேண்டும். இதனைத் தவ்பாவிற்கு உவமையாக்கி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தலாம். நாம் அதற்குள் புகவில்லை. நோயாளிக்கு இப்போது வேண்டியது உவமையன்று, நாள்தோறும் காஸ் துணியை மாற்றிக் கட்டுவதுதான். உலர்ந்து ஒட்டிக்கொண்ட துணியை இழுத்தெடுக்கும் அந்த ஒரு கணம், கீறியபோது இருந்ததைவிடக் கடுமையானது என்பதைப் பட்டவர் அறிவர். அப்போது வாய் தானாகவே யா அல்லாஹ் என்கின்றது.

பொறுமையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உடலில் புண் வந்தவரிடம் நபி ஐயூப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லாதவர் நம்மில் இல்லை. அவ்வரலாற்றைச் சொல்லும்போது, அப்பெருமானாரின் திருமேனியில் புழுக்கள் நெளிந்தனவென்றும், கீழே விழுந்த புழுவை அவர்கள் எடுத்து மீண்டும் புண்ணில் வைத்தார்களென்றும் மேடைகளில் கூறக் கேட்கின்றோம். திருமறையில் இதற்கு இடமே இல்லை. மனிதர் அருவருத்து விலகும்படியான நிலை நபிமார்களுக்கு ஏற்படுவதில்லை என்று கூறி இக்கதையை மறுத்த அறிஞர்கள் பலர். இக்கதையால் விளையும் தீங்கு யாதெனில், காயத்தைக் கவனியாது விடுவதே பொறுமை என்ற எண்ணம் பாமர மக்களின் நெஞ்சில் பதிந்துவிடுகின்றது. திருமறை கூறுவதோ வேறு. துன்பம் தீண்டிய ஐயூப் நபி இறைவனை அழைத்தார்கள். காலால் தரையை உதைக்குமாறு கட்டளை பிறந்தது. குளிப்பதற்கும் பருகுவதற்கும் குளிர்ந்த நீர் வெளிப்பட்டது. வல்ல இறைவன் நினைத்திருந்தால் நீரின்றியும் குணமளித்திருக்கலாமன்றோ? உதைக்கச் சொன்னான், குளிக்கச் சொன்னான், பருகச் சொன்னான். பொறுமையின் சிகரமாக விளங்கிய அந்த நபியின் வரலாற்றிலேயே முயற்சியும் மருந்தும் இருக்கின்றன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று வினவியபோது, செய்து கொள்ளுமாறே பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர மருந்தின்றி எந்நோயையும் இறைவன் படைக்கவில்லை என்பதையும் தெரிவித்தார்கள். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் அண்ணலார் ஒரு மருத்துவரை அனுப்பி வைக்க, அவர் நரம்பொன்றைக் கீறிச் சூடிட்டார் என்பது முஸ்லிம் எனும் ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி. கத்தியும் காயமும் மார்க்கத்திற்கு அந்நியமானவை அல்ல.

அந்த வழியில் வந்தவர்களே பிற்காலத்தில் அறுவை மருத்துவத்தை வளர்த்தனர். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலொன்றை எழுதி, அதன் இறுதிப் பகுதியை அறுவைக்கே ஒதுக்கினார். கருவிகளைப் படமும் வரைந்து காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இலத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய மருத்துவர்களின் கைகளில் பன்னெடுங்காலம் தவழ்ந்தது. அவர் விவரிக்கும் கருவிகளுள் ஒன்று நம் கட்டிக்கு நேரே தொடர்புடையது. சீழ்க்கட்டியைக் கீறுவதற்கான அக்கத்தியின் அலகு வெளியே தெரியாதவாறு மறைந்திருக்கும். அஞ்சும் நோயாளி கத்தியைக் காணாமலேயே வேலை முடிந்துவிட வேண்டும் என்பது அவருடைய கருத்து. மரத்துப்போகும் ஊசி இல்லாத காலத்தில் நோயாளியின் அச்சத்தையும் நோயின் ஒரு பகுதியாகவே அவர் எண்ணிப் பார்த்திருக்கின்றார். அலகை மறைக்க அவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியையாவது, பயப்படுகின்ற நோயாளியை அதட்டும் நம் காலத்தவர் சிலர் கற்றுக் கொள்ளலாம்.

இனி, காயத்தோடு தொழுவது எங்ஙனம் என்பதற்கு வருவோம்.

நாயகத் தோழர்கள் சிலர் பயணத்தில் இருந்தபோது ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. அதன்பின் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கின்றதே, உமக்கு அனுமதியில்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி அண்ணலாரின் செவிக்கு எட்டியபோது, அந்தத் தோழர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்துரைத்தார்கள். அறியாதவர் கேட்டறிந்திருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து வினவுதலன்றோ என்ற கருத்துப்பட நவின்றார்கள். காயத்தில் துணி கட்டி அதன்மேல் தடவிவிட்டு மற்ற உடலைக் கழுவினால் போதுமே என்ற பகுதியும் ஓர் அறிவிப்பில் காணப்படுகின்றது. அப்பகுதியின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநரிடையே பேச்சு உண்டு. எனினும் கட்டின்மேல் தடவுதல் என்னும் சட்டத்தை நான்கு மத்ஹபுகளும் ஏற்றுள்ளன.

மார்க்கத்தின் பெயரால் தண்ணீரை வற்புறுத்தியவர்களைத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். காயம்பட்டவர் சலுகை கேட்டதில் எக்குற்றமும் காணவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். பிடரியிலோ முதுகிலோ தொடையிலோ காயம் இருக்குமானால், ஒளூவில் கழுவ வேண்டிய உறுப்புகளில் அவை சேர்ந்தனவே அல்ல. கட்டை நனைக்காமல் முகத்தையும் கைகளையும் கழுவி, தலையைத் தடவி, கால்களைக் கழுவினால் ஒளூ நிறைவேறிவிடும். இதை அறியாமல் ஒளூவிற்கே அஞ்சுபவர் எத்தனையோ பேர்! கடமையான குளிப்பிலும், ஒளூவின் உறுப்பிலேயே காயம் அமைந்துவிட்ட போதும்தான் வினா எழுகின்றது. அப்போது ஹனஃபி மத்ஹபினர் ஏனைய பகுதியைக் கழுவிவிட்டுக் கட்டின்மேல் ஈரக் கையால் தடவிக் கொள்வர், அதுவே போதும். ஷாபிஈ மத்ஹபில் அத்துடன், கழுவ இயலாத பகுதிக்காகத் தயம்மும் செய்தலும் சேரும். தயம்முமின் உறுப்புகளான முகத்திலோ கையிலோ கட்டு இருப்பின் வேறு சில விதிகளும் உண்டு. அவற்றை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் நேரில் கேட்டுத் தெளிவதே முறை.

கசிவைப் பற்றியும் அவ்வாறே. காயத்திலிருந்து வழியும் இரத்தத்தாலும் சீழாலும் ஒளூ முறிவதில்லை என்பது ஷாபிஈ மத்ஹபு. தன் புண்ணிலிருந்து தானே கசிந்து ஆடையில் படுவதற்கும் அதில் மன்னிப்பு உண்டு. வழிந்தோடினால் ஒளூ முறியும் என்பது ஹனஃபி மத்ஹபு. ஆனால் நில்லாமல் கசிந்து கொண்டேயிருப்பவர், ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஒருமுறை ஒளூச் செய்து கொண்டு தொழலாம் என்று அம்மத்ஹபே வழி திறந்து வைத்திருக்கின்றது. வேறுபாடு எவ்வளவுதான் இருப்பினும், புண் ஆறட்டும், தொழுகை காத்திருக்கட்டும் என்று எந்த மத்ஹபும் கூறவில்லை.

குனிந்து நிமிர இயலவில்லையா? இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. வெளியே சொல்லவும் கூச்சப்படும் அந்நோயைக் குறித்து அண்ணலாரிடம் வினவியே அவர்கள் தொழுகையின் சட்டத்தைப் பெற்றார்கள்: நின்று தொழுக, இயலாவிடில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்து. இன்று உலகெங்கும் நோயாளிகள் கட்டிலில் கிடந்து தொழுகின்றார்களே, அவர்கள் அனைவரும் அந்த ஒரு கேள்விக்குக் கடன்பட்டவர்கள். பிடரியில் காயம் உள்ளவர் ஸுஜூதில் தலையைத் தாழ்த்தும்போது காயம் தெறித்து மீண்டும் கசியுமானால், அமர்ந்து சைகையால் ஸுஜூது செய்வதில் குறைவேதுமில்லை. ஜும்ஆவிற்குச் செல்ல இயலாத நோயாளி வீட்டிலேயே லுஹர் தொழலாம். நலமாக இருந்த காலத்தில் ஒருவர் வழக்கமாகச் செய்து வந்த நற்செயல்களின் கூலி, நோயுற்ற காலத்திலும் அவருக்கு எழுதப்படுகின்றது என்பது புகாரியில் உள்ள செய்தி. முதல் வரிசையில் நிற்கும் வழக்கமுடையவர், இரண்டு வாரம் கட்டிலில் கிடந்ததற்காக மனம் குமைய வேண்டியதில்லை.

கூச்சத்தைப் பற்றிக் குறிப்பிட்டோம். இந்தக் கட்டி எப்போதும் பிடரியில்தான் வரும் என்பதில்லை. மார்பின் கீழும், அக்குளிலும், தொடை இடுக்கிலும், இருக்கையிலும் பழுக்கும் கட்டிகள் உண்டு. நம் பெண்மக்கள் இதனைத் தாயிடமும் சொல்லாமல் மறைத்து, காய்ச்சல் வந்து படுக்கையில் விழுந்த பின்னரே வெளியில் சொல்கின்றனர். நாணம் ஈமானின் ஒரு கிளை என்பது உண்மையே. நோயை மறைத்துச் சாவது அந்நாணத்தைச் சேர்ந்ததன்று. பெண் மருத்துவர் கிடைப்பின் அவரிடம் செல்க. கிடைக்காவிடில், நிர்ப்பந்தத்தின் போது ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்த்துச் சிகிச்சை செய்யச் சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். நாயகத்தின் காலத்திலேயே, போர்க்களங்களில் பெண்கள் தாகித்தவர்க்குத் தண்ணீர் தந்து, காயமுற்றோர்க்குச் சிகிச்சையும் செய்தார்கள் என்பதை ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களே அறிவித்திருக்கின்றார்கள். வீட்டிலுள்ள ஆண்களுக்கு ஒரு சொல்: உங்கள் மனைவியோ மகளோ உட்காரச் சிரமப்படுவதைக் கண்டால், என்னவென்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சிறிய புண்தானே என்னும் சொல் எத்துணைப் புதியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1924ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜின் இளைய மகன், பதினாறு வயதுப் பிள்ளை, காலுறையின்றி டென்னிஸ் ஆடியதால் கால் விரலில் கொப்புளம் கண்டது. அது பழுத்தது, நஞ்சு இரத்தத்தில் ஏறியது, ஒரே வாரத்தில் அப்பிள்ளை மாண்டுபோனது. வெள்ளை மாளிகையில் வாழ்ந்த தந்தையால், தம் நாட்டின் பெரிய மருத்துவர்களையெல்லாம் அழைக்க முடிந்தது; மகனைக் காக்க முடியவில்லை. பென்சிலின் கண்டறியப்பட்டது 1928இல். அது மக்கள் கைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று கட்டியைச் சுற்றி மரத்துப்போக இடும் லிக்னோகெயின் என்னும் மருந்தும் 1943இல் சுவீடனில் உருவானதே. (பழுத்த இடத்தில் அந்த ஊசி முழுமையாக வேலை செய்வதில்லை, கீறும்போது சிறிது வலித்தால் மருத்துவரைக் குறை கூற வேண்டாம்.) மூன்று தலைமுறைக்கு முன் ஒரு நாட்டின் தலைவருக்குக் கிடைக்காதது, இன்று அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கின்றது. மருத்துவர் எழுதித்தந்த ஆண்டிபயாடிக் மாத்திரைகளில் நான்கை உண்டு வலி நின்றதும் மீதியை அலமாரியில் போட்டு வைப்பது, இந்த அருளுக்கு நாம் செலுத்தும் நன்றியாகாது.

நோயாளியை நலம் விசாரித்தல் முஸ்லிம் முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அகழ்ப் போரில் கையில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக, அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிக்க வேண்டி, நாயகம் (ஸல்) அவர்கள் தமது பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயம்பட்டவருக்குப் பள்ளிவாசலில் இடம் இருந்தது. நம் ஊர்களிலோ, பெரிய அறுவை என்றால் ஜமாஅத்தே திரண்டு போகின்றது. சிறிய அறுவை என்றால் பக்கத்து வீட்டார்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நாட்கூலிக்காரர் ஒருவருக்குப் பத்து நாள் சுமை தூக்க இயலாமற் போவது சிறிய செய்தியன்று. காயம் விரலளவே, அடுப்பு அணைவதோ முழு வீட்டிற்கு. போகும்போது கையில் ஆப்பிளைவிட அரிசி கொண்டு போவது நல்லது. தனித்திருப்பவராயின் முதுகுப்புறக் காயத்திற்குத் தாமே துணி மாற்றிக் கொள்ள முடியாது; கையை நன்றாகச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு அதைச் செய்துவிட்டு வாருங்கள். விரைவில் எழுந்து வர வேண்டுமென்று சொல்லவேண்டாம். எவ்வளவு நேரம் அமர்ந்து பேசுவது என்பதையும் அவரது முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காய்ச்சல் அடித்தாலோ, காயத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலோ, குறைய வேண்டிய வலி கூடினாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காயம் ஆறிய பின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கின்றது. பழுத்த நிலையில் சீழை மட்டுமே வடித்திருப்பார்கள். உறை பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அது இருக்கும்வரை கட்டி மீண்டும் வரக்கூடும். ஆதலால் வீக்கம் முற்றிலும் அடங்கிய சில வாரங்கள் கழித்து, உறையோடு எடுக்க மறுபடி வருமாறு மருத்துவர் சொல்வார். வலி போய்விட்டபடியால் பலர் செல்வதில்லை. செல்லுங்கள். ரமளான் அடுத்திருக்குமானால் அதற்கு முன்பே முடித்துக் கொள்ளலாமா, ஷவ்வாலுக்குத் தள்ளலாமா என்று கேட்டு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். நோன்பில் இருக்கும்போது மீண்டும் பழுத்துவிட்டால், நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றத் திருமறையே அனுமதித்திருக்கின்றது. மரத்துப்போகும் ஊசி போன்றவற்றால் நோன்பு முறியாது என்பது இக்கால ஆலிம்களில் பெரும்பாலோரின் கருத்து. எந்நாளாயினும், பழைய சீட்டையும் தற்போது உண்டுவரும் மருந்துகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.